பழைய லைட்வெயிட்களையும் இப்போதைய லைட்வெயிட்களையும் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது?

நாலாம்மூலை:

குத்துச்சண்டையில் லைட்வெயிட் எடைப் பிரிவுக்கு எல்லாக் காலத்துக்கும் சேர்த்து முதல் பத்துப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் நாலு பேர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ரொபர்ட்டோ துரான், பென்னி லெனார்ட், ஜோ கான்ஸ், பெர்னல் விட்டேக்கர். அவர்களுக்குள் வரிசைதான் தினமும் மாறுகிறது. சிக்கல் அதற்குக் கீழே. இந்தக் காலத்து லோமசென்கோ, ஹேனி, ஜெர்வான்டா டேவிஸ், ஷகூர் ஸ்டீவன்சன் இவர்களை எங்கே வைப்பது?

என்னோடு சண்டை பார்க்கிற நண்பர் ஒருவர், 1906இல் ஆடிய ஆளை இன்றைக்கு ரிங்கில் இறக்கினால் ஷகூர் மேல் ஒரு குத்துகூட விழாது, அதனால் 1950க்கு முந்தியவர்கள் எல்லோரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பழைய படங்களைப் போட்டுப் பார்த்தால், ஆட்கள் விறுவிறுவென்று வெட்டி வெட்டி ஓடுவதும் கட்டிப்பிடிப்பதுமாகத்தான் தெரிகிறது, அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எதை அளவுகோலாக வைக்கிறீர்கள்?

பதினைந்தாம்சுற்று:

ரிங்கில் இறக்குவது சரி, யாருடைய விதிப்படி இறக்குவது என்று நண்பரிடம் கேளுங்கள். அதைத் தீர்மானிக்காமல் மேலே பேசவே முடியாது.

லைட்வெயிட் என்றால் 135 பவுண்டு, ஏறத்தாழ 61 கிலோ. நூறு வருடமாக அந்த எண் மாறவில்லை, அதற்குள் நிற்கிற உடம்பு மாறிவிட்டது. முன்பெல்லாம் சண்டை நடக்கும் அன்றே எடை பார்ப்பார்கள். இன்றைக்கு முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். வீரர் உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டு தராசில் ஏறி 135 காட்டுகிறார், இறங்கியதும் குடிக்க ஆரம்பிக்கிறார், மறுநாள் இரவு மணி அடிக்கும்போது 145, சில பேர் அதற்கும் மேலே. 2023 ஏப்ரலில் டேவிஸ், ரயன் கார்சியா சண்டையின் ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். 136க்கு எடை, அப்புறம் சண்டை நாள் காலையில் இன்னொரு முறை பார்க்கும்போது 146ஐத் தாண்டக்கூடாது என்று தனி நிபந்தனை. பத்துப் பவுண்டு ஏறுவதே கட்டுப்பாடு என்றால், கட்டுப்பாடு இல்லாத சண்டைகளில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

இதற்கு நேர் எதிரே கான்ஸ். 1906 செப்டம்பர் 3, நெவாடாவில் கோல்ட்ஃபீல்டு, பாட்லிங் நெல்சனோடு. சாம்பியன் கான்ஸ்தான், ஆனால் கறுப்பர் என்பதால் நிபந்தனை போட்டதெல்லாம் நெல்சன் தரப்பு, பணத்திலும் பெரிய பங்கு நெல்சனுக்கே போனது. 133 பவுண்டு, அதுவும் சண்டையன்றே, ஷூவும் உடுப்பும் போட்டபடி தராசில் ஏற வேண்டும். அப்படி வற்றிப்போன உடம்போடு பாலைவன வெயிலில் 42 சுற்று ஆடினார். கடைசியில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தியதால் தகுதி நீக்கம், வெற்றி கான்ஸுக்கு. அந்த நாளில் ஹேனியை அந்தத் தராசில் ஏற்றியிருந்தால்? ஏற்றவே முடியாது. 2023 மே மாதம் லோமசென்கோவை வென்றவர், டிசம்பரிலேயே 140 பவுண்டு பிரிவுக்குப் போய்விட்டார். பழைய விதியில் அவர் வெல்டர்வெயிட், இதைவிடக் கனமான பிரிவு.

சுற்றுகள் 15இலிருந்து 12 ஆனதும் இதே பிரிவில் நடந்த ஒரு சாவுக்குப் பிறகுதான். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு ஆடிய கிம் டுக்-கூ 14ஆம் சுற்றில் விழுந்தார், சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகு பட்டம் வழங்கும் அமைப்புகளில் முதலில் டபிள்யூபிசி 12ஆகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் பின்னால் வந்தன. நல்ல முடிவு. ஆனால் 13, 14, 15 என்ற அந்தக் கடைசி ஒன்பது நிமிடத்தில் யார் நிற்பார் என்ற கேள்விக்கு இன்றைய வீரர்களிடம் பதில் கிடைக்காது.

இடக்கை:

எடை விஷயம் சரி, ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. எடை அதிகமானால் குத்து கனக்கும், கால் நகர்வு எடையால் வருவதில்லை. லோமசென்கோ எதிராளியின் முன்காலுக்கு வெளியே ஒரு அடி வைத்து, அவர் திரும்புவதற்குள் பக்கவாட்டில் நின்று இரண்டு குத்து விடுகிறாரே, அதை 1910இல் யாரும் செய்ததாக நான் பார்த்ததில்லை. 2008, 2012 இரண்டு ஒலிம்பிக் தங்கம், அமெச்சூரில் 396 வெற்றிக்கு ஒரே தோல்வி. இவ்வளவு பாடம் படித்துவிட்டு தொழில்முறைக்கு வந்தவர்கள் அந்தக் காலத்தில் இல்லை.

இன்னொன்று, பதினைந்தாம்சுற்று சொன்ன எடைக்கணக்கே லோமசென்கோவுக்குச் சாதகம். அவர் 126 பவுண்டு பிரிவில் பட்டம் வாங்கி மேலே வந்தவர், 135இல் எப்போதும் சின்ன ஆள். 2020இல் டியோஃபிமோ லோபஸ், 2023இல் ஹேனி, இரண்டு பேருமே சண்டை இரவில் அவரைவிடப் பெரிய உடம்பு. அன்றே எடை பார்க்கும் விதி இருந்தால் அந்த இரண்டு பேரும் அவர் எதிரே நின்றிருக்கவே மாட்டார்கள். லோபஸோடு முதல் பாதி முழுக்கக் கையே நீட்டாமல் நின்றது அவர் தவறு, அதை எடை மேல் போட மாட்டேன். ஆனாலும் இன்றைய ஆட்களில் பழைய காலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர் யார் என்றால் நான் அவரைத்தான் சொல்வேன், டேவிஸையோ ஹேனியையோ அல்ல.

பழையரீல்:

படம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாதம் எப்போதும் அங்கேதான் கெட்டுப்போகிறது. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள், நொடிக்கு 16 ஃப்ரேம் போல. அதை 24இல் ஓட்டினால் எந்த மனிதனும் வெட்டி வெட்டித்தான் ஓடுவான். சரியான வேகத்துக்குத் திருத்திய பதிப்பில் கான்ஸைப் பாருங்கள். வருகிற குத்தை உள்ளங்கையால் ஏந்தித் தள்ளுகிறார், தேவையான அளவுக்கு மேல் ஒரு அங்குலம்கூட நகர்வதில்லை, எதிராளி குத்தை முடிப்பதற்கு முன்பே அவருடைய வலது கை போய்ச் சேர்கிறது. கட்டிப்பிடிப்பது போலத் தெரிகிற இடத்தில் ஒரு கை எதிராளியின் புஜத்தைப் பிடித்து அழுத்துகிறது, இன்னொன்று விலாவில் வேலை செய்கிறது. இன்றைக்கு நடுவர் உடனே பிரித்துவிடுவதால் அந்தக் கலையே தேய்ந்துவிட்டது.

வெற்றி தோல்விக் கணக்கையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். 1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் இருந்த ஃப்ராலி சட்டப்படி நடுவர் முடிவே சொல்லக்கூடாது, மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதியதுதான் முடிவு. பட்டம் மாற வேண்டுமானால் சாம்பியனை நாக்-அவுட் செய்ய வேண்டும். அப்படித்தான் லெனார்ட் 1917 மே மாதம் ஃப்ரெடி வெல்ஷை ஒன்பதாம் சுற்றில் முடித்துப் பட்டத்தை எடுத்தார், 1925இல் ஓய்வு பெறும்வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய இருநூற்றுச் சொச்சம் சண்டைகளில் பெரும் பகுதி இப்படி முடிவு அறிவிக்காதவை.

என்னுடைய அளவுகோல் மறுசண்டை. லெனார்ட் 1922இல் லூ டெண்ட்லர் என்ற இடக்கைக்காரரிடம் நன்றாக அடி வாங்கினார், எட்டாம் சுற்றில் காலே ஆடிவிட்டது. மறு வருடம் யாங்கி ஸ்டேடியத்தில் அதே ஆளை 15 சுற்றும் கையில் வைத்திருந்தார். துரான் 1972இல் எஸ்டபான் டி ஹெசூஸிடம் முதல் சுற்றிலேயே விழுந்து தோற்றார். 1974இல் மறுபடி முதல் சுற்றில் விழுந்தார், எழுந்து 11ஆம் சுற்றில் முடித்தார். 1978இல் 12ஆம் சுற்றில். விட்டேக்கர் 1988இல் பாரிஸில் ராமிரஸிடம் பறிகொடுத்ததை, அது தோல்வியே இல்லை என்பது வேறு விஷயம், மறு வருடம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் திருப்பி எடுத்தார். இப்போதுள்ளவர்கள் ஆண்டுக்கு ஒன்று இரண்டு சண்டை போடுகிறார்கள். லோபஸ், லோமசென்கோ இரண்டாவது சண்டை நடக்கவே இல்லை. ஹேனியோடும் இல்லை. திறமை இருக்கிறது, ஆனால் தோற்ற ஆளிடமே திரும்பிப்போய் என்ன மாற்றினார் என்று பார்க்க நமக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

நாலாம்மூலை:

இது போதும், இப்போதைக்கு இப்படி வைக்கிறேன்: துரான், லெனார்ட், கான்ஸ், விட்டேக்கர், ஐக் வில்லியம்ஸ், ஹென்றி ஆம்ஸ்ட்ராங், டோனி கான்சோனெரி, கார்லோஸ் ஓர்டிஸ், சாவேஸ், லோமசென்கோ. டேவிஸும் ஷகூரும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் வெளியே நிறுத்திவிட்டேன். ஹேனி கிடையாது.

பதினைந்தாம்சுற்று:

ஆம்ஸ்ட்ராங் ஆறாவதா? 1938இல் ஃபெதர் (லைட்டைவிட இலேசான பிரிவு), லைட், வெல்டர் மூன்று பட்டத்தையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தவர், அதுவும் எடைப் பிரிவுகள் இன்றைக்கு இருப்பதில் பாதிகூட இல்லாதபோது. லூ ஆம்பர்ஸோடு அந்த ஆகஸ்டில் 15 சுற்று, வாய் கிழிந்து, ரத்தம் தரையில் சிந்தினால் நடுவர் நிறுத்திவிடுவார் என்று விழுங்கிக்கொண்டே ஆடி வென்றார்.

நாலாம்மூலை:

வெல்டரில் அவர் முதல் மூன்றுக்குள், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் லைட்வெயிட் பட்டத்தை ஒரு வருடம் வைத்திருந்து அதே ஆம்பர்ஸிடமே 1939இல் இழந்தார். பழையரீல் சொன்ன மறுசண்டை அளவுகோலை வைத்தால் வில்லியம்ஸுக்குக் கீழேதான் வருகிறார்.