அர்தஷீர் சாஹெதி: பஹ்ரைன் தீர்வில் அவருக்குப் பங்கு உண்டா?

வடகரையான்:
1966 முதல் 1971 வரை ஈரானின் வெளியுறவு அமைச்சராக இருந்த அர்தஷீர் சாஹெதியை, வாஷிங்டனில் ஆடம்பர விருந்துகள் நடத்திய தூதராக மட்டும் நினைவுகூர்வது அநீதி. 1957இல் தன் பதினான்காவது மாகாணம் என்று ஈரான் அறிவித்திருந்த வளைகுடாத் தீவுநாடான பஹ்ரைன் (அப்போது பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தது) மீதான உரிமைகோரிக்கை, போரில்லாமல் முடிவுக்கு வந்தது அவர் காலத்தில்தான்.

சீராளன்:
நண்பரே, பஹ்ரைனில் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று 1969 சனவரியில் புதுதில்லியில் அறிவித்தவர் ஈரான் மன்னர் ஷா. அமைச்சர் அதை நிறைவேற்றினார், அவ்வளவே. 1953 ஆகஸ்டில் ஈரான் பிரதமர் மொசாதெக்கை வீழ்த்திய ஆட்சிக்கவிழ்ப்பில் பிரதமரானவர் இவருடைய தந்தை ஜெனரல் பஸ்லொல்லா சாஹெதி. 1957இல் இவர் மணந்தது ஷாவின் மகள் ஷாநாஸை. இந்த உறவுகள் இல்லாமல் அந்தப் பதவி கிடைத்திருக்குமா?

வடகரையான்:
அந்தத் திருமணம் 1964இலேயே முறிந்துவிட்டது. அமைச்சரானது அதற்குப் பிறகு. படையை அனுப்ப மாட்டோம் என்று சொல்வது எளிது. பிரித்தானியா 1971 இறுதிக்குள் வளைகுடாவிலிருந்து வெளியேறவிருந்த நெருக்கடியில், ஈரான் கேட்ட பொதுவாக்கெடுப்பைப் பிரித்தானியாவும் பஹ்ரைன் ஆட்சியாளரும் ஏற்காதபோது, ஈரானின் மானம் கெடாமல் பின்வாங்க ஒரு வழி காண்பதே கடினம். ஐ.நா. பொதுச்செயலரின் தூதராகச் சென்ற வின்ஸ்பியர் குவிச்சார்டி மக்கள் கருத்தைக் கேட்டறிந்தார். அவருடைய அறிக்கையைப் பாதுகாப்பு அவை 1970 மே 11இல் ஒருமனதாக ஏற்றது. உள்நாட்டில் தீவிர தேசியவாதப் பான்-ஈரானியக் கட்சியின் கடும் எதிர்ப்பையும் அரசு சமாளிக்க வேண்டியிருந்தது. ராஜதந்திரம் என்பது வேறென்ன?

பவளமல்லி:
இருவரும் பஹ்ரைன் மக்களை மறந்துவிட்டீர்கள். குவிச்சார்டி சங்கங்களையும் மன்றங்களையும் சந்தித்தாரே தவிர, ஒவ்வொருவரின் வாக்கையும் பெறவில்லை. பெரும்பான்மையினர் விடுதலையையே விரும்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைபாட்டை மறைத்துப் புகழக் கூடாது. சாஹெதி பதவி விலகிய அதே ஆண்டு, நவம்பர் 30இல், வளைகுடாவின் அபு மூசா, தும்பு தீவுகளில் ஈரான் படையை இறக்கியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சீராளன்:
பஹ்ரைன் குறித்து வடகரையான் சொன்ன வழிமுறையின் அருமையை ஏற்கிறேன். 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஓர் ஆயுதக் குழு பிடித்துவைத்திருந்த பணயக்கைதிகளை மீட்க எகிப்து, பாகிஸ்தான் தூதர்களுடன் சேர்ந்து அவர் பேச்சு நடத்தியதும் பாராட்டுக்குரியதே. ஆயினும் 1953இல் தந்தைக்குத் துணைநின்றவர், அந்தக் கவிழ்ப்பில் அமெரிக்க உளவுத்துறையின் பங்கைப் பின்னாளில் மறுத்தே வந்தார்; அந்த அமைப்பே 2013இல் வெளியிட்ட ஆவணங்களில் தன் பங்கை ஒப்புக்கொண்டது. இதற்கு உங்கள் பதில் என்ன, வடகரையான்?

வடகரையான்:
அதில் அவரை நான் ஆதரிக்கவில்லை, சீராளன். தந்தையின் பெயரைக் காக்க முயன்ற மகனாகவே அங்கே அவரைக் காண்கிறேன். பஹ்ரைன் குறித்து நான் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.