பயாஸ் கடவுச்சொல்: மீட்டமைப்பா, துடைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பயாஸ் என்பது கணினியை இயக்கியதும் முதலில் ஓடி வன்பொருளைத் தயார்செய்யும் அடிப்படை மென்பொருள். அதன் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்காக நாம் தமிழாக்கும் உதவிக்குறிப்பில் 'ரீசெட்' வரும் இடங்களில் எல்லாம் 'மீட்டமைப்பு' என்றே வைத்துவிடலாம் எனப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். மின்னஞ்சல் கணக்குகளிலும் வங்கிச் செயலிகளிலும் அந்தச் சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. ஆனால் இந்த ஓரிடத்தில் அதைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்ல, பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தால், மறுமுனையில் இருக்கும் வழங்கி (சர்வர்) நாம் யார் என்று சரிபார்க்கிறது. பிறகு புதிய சொல்லை நாமே அமைக்கிறோம். அஞ்சல்கள், முகவரிகள், விருப்பத் தேர்வுகள் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. கணக்கு நமக்கு மீண்டும் கிடைத்தது, சொல் புதிதாக அமைந்தது. 'மீட்டமைப்பு' அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

பயாஸில் மறுமுனை என்று யாருமே இல்லை. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில், மோட்டோரோலாவின் 146818 என்ற கடிகாரச் சில்லுக்குள் 64 பைட் நினைவகம் இருந்தது. அதில் 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டில் கணினியின் அமைவுகள் உட்கார்ந்திருந்தன. மின்சாரம் போனாலும் அவை மறக்காமலிருக்க ஒரு மின்கலம். பிற்காலத்து மேசைக் கணினிகளில் வந்த சிஆர்2032 என்ற 3 வோல்ட் வில்லை வடிவ மின்கலமும் அதே வேலைக்காகத்தான். எந்த வட்டிலிருந்து தொடங்குவது, வட்டை எந்த முறையில் அணுகுவது, விசிறி எப்படிச் சுழல்வது என்ற வரிசையில் கடவுச்சொல்லும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அதனால் பழைய மேசைக் கணினியில் நாம் செய்வது இவ்வளவுதான்: மின்கம்பியைக் கழற்றுகிறோம், வில்லையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் விடுகிறோம், அல்லது மதர்போர்டில் அதற்கென்று உள்ள முனைகளில், இரு முனைகளை இணைக்கும் சிறு செருகியான ஜம்பரை மாற்றிப் போட்டு எடுக்கிறோம். நினைவகம் காலியாகிறது. கடவுச்சொல்லோடு மற்ற அமைவுகளும் போய்விடுகின்றன. பழைய சொல் திரும்பி வரவில்லை. புதிய சொல் எதுவும் அமையவும் இல்லை. 'மீட்டு' என்பதும் பொய், 'அமைப்பு' என்பதும் பொய்.

இது வெறும் சொற்பிடிவாதம் இல்லை, படிப்பவருக்கு நேரடியாக உறைக்கும் விஷயம். 'மீட்டமைப்பு' என்று படித்தவர் கடவுச்சொல் மட்டும்தான் மாறும் என்று நம்பி வேலையில் இறங்குவார். கணினி எழும்போது, சேமித்த அமைவுகள் சரியாக இல்லை என்று பொருள்படும் சரிகூட்டுப் பிழை (செக்சம் எரர்) என்று ஓர் அறிவிப்பு வரும். தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு உலாவியைத் திறந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று தளம் தளமாக மறுக்கும். அவர் இணையம் கெட்டுவிட்டது என்று நினைப்பார். வட்டு அணுகும் முறை மாறிப்போனால் விண்டோஸ் எழாமலே போகலாம். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். இத்தனையும் வரக்கூடும் என்று ஒரு சொல்லால் முழுக்கச் சொல்லிவிட முடியாது. ஆனால் தவறான நம்பிக்கை தராமல் இருக்க அதனால் முடியும்.

என் பரிந்துரை: துடைப்பு. கரும்பலகையைத் துடைத்தால் எழுதியது அத்தனையும் போகும், பலகை அப்படியே இருக்கும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. வினையாக 'துடை' என்று பொத்தானில் போடலாம். துடைக்கவும், துடைத்தபின், துடைப்பு முனை, துடைப்புப் பொத்தான் என்று எல்லா வடிவமும் இயல்பாக வருகின்றன. போர்டில் அந்த முனைகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 'கிளியர்' என்பதன் சுருக்கம்தான் அச்சாகியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்; 'ரீசெட்' என்ற பெயர், பெட்டியின் முகப்பில் கணினியை மறுதொடக்கம் செய்யும் பொத்தானுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

'அழிப்பு' போதாதா என்ற கேள்வி வந்தது. கோப்புகளை நீக்குவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். 'பயாஸ் அழிப்பு' என்று பார்த்ததுமே வட்டில் உள்ள படங்களும் ஆவணங்களும் போய்விடும் என்று அஞ்சுவார்கள். இந்த வேலை அவற்றைத் தொடுவதே இல்லை. 'வெறுமையாக்கல்' பொருளில் சரி, பொத்தானில் அடங்காது. 'துடைப்பம்' நினைவுக்கு வருகிறது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அன்றாடம் புழங்கும் சொல் என்பதால்தான் சட்டென்று புரிகிறது.

வட்டில் உள்ளதை மீட்க முடியாதபடி நீக்குவதற்கும் 'துடைப்பு' தேவைப்படுமே என்ற மறுப்பு மட்டும் வலுவானது. ஆகவே தனியாக விடாமல் எதைத் துடைக்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: அமைவுத் துடைப்பு, வட்டுத் துடைப்பு. இப்படிச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. சில நிறுவனங்களின் மேசைக் கணினிகளில் கடவுச்சொல்லுக்கென்றே தனி ஜம்பர் இருக்கிறது. அதை எடுத்தால் சொல் மட்டும் போகும், மற்ற அமைவுகள் நிற்கும். அதற்குக் 'கடவுச்சொல் துடைப்பு'. இரண்டும் வேறு வேலை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

மடிக்கணினிக்கு இது அப்படியே பொருந்தாது. பழைய பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ என்ற புதிய மென்பொருள் உள்ள இப்போதைய கணினிகள் பலவற்றில் அமைவுகள், மின்சாரம் இல்லாமலும் மறக்காத ஃபிளாஷ் சில்லில் இருப்பதால், மின்கலத்தை எடுத்தால் கடிகாரம் மட்டும் பின்னுக்குப் போகும், கடவுச்சொல் அசையாது. லெனோவோவின் திங்க்பேட் மடிக்கணினியில், அமைவுகளைப் பூட்டிவைக்கும் மேற்பார்வையாளர் கடவுச்சொல்லைத் தொலைத்தால் போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவோவே சொல்கிறது. வேறு சில நிறுவனங்கள், கணினி நம்முடையதுதான் என்று காட்டினால் ஒரு குறியீடு தருவதுண்டு. அங்கே மறுமுனையில் ஆள் இருக்கிறார், பூட்டைத் திறந்துவிடுகிறார். அதற்கு 'விடுவிப்பு', 'விடுவிப்புக் குறியீடு' என்று வைக்கலாம்.

அப்புறம், கடவுச்சொல்லிலேயே வகைகள் உண்டு. கணினியை இயக்கியதும் கேட்பது ஒன்று, அமைவுத் திரைக்குள் நுழையக் கேட்பது இன்னொன்று. ஆங்கில மூலத்தில் உள்ளபடி 'பயனர் கடவுச்சொல்', 'நிர்வாகி கடவுச்சொல்' என்று எழுதினால் விண்டோஸ் உள்நுழைவோடு குழம்பும். 'தொடக்கக் கடவுச்சொல்', 'அமைவுக் கடவுச்சொல்' என்றால் எப்போது கேட்கும் என்பது தெளிவு. 'வட்டுக் கடவுச்சொல்' தனி. அது வட்டுக்குள்ளேயே இருப்பதால் மதர்போர்டில் எதைத் துடைத்தாலும் போகாது. குறிப்பின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பயாஸ் பயாஸாகவே இருக்கட்டும். 'அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை' என்று விரித்தால், திரையில் அந்த நான்கெழுத்தைத் தேடுபவருக்கு உதவாது. ஜம்பரும் அப்படியே இருக்கலாம். 'தாவி' என்றால் யாருக்கும் புரியாது, 'இணைப்பான்' வேறு பொருளில் புழங்குகிறது.

குறிப்பில் வாக்கியம் இப்படி வரும்: "மின்கம்பியைக் கழற்றியபின் ஜம்பரைத் துடைப்பு முனைகளுக்கு மாற்றிச் சில நொடிகள் விட்டு, மீண்டும் பழைய இடத்தில் பொருத்தவும். அமைவுத் துடைப்புக்குப் பிறகு தேதி, தொடக்க வரிசை, வட்டு அணுகும் முறை ஆகியவற்றைச் சரிபார்க்கவும்." மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதை இதே வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.