நேராக ஓடும் தண்ணீரில் வார்டிசிட்டி எங்கிருந்து வந்தது?

மூன்றாம்வருட_மெக்:
வணக்கம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் இரண்டு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். டெல்லையும் (∇, வகையிடும் குறி) வேக வெக்டரையும் குறுக்குப் பெருக்கல் செய்தால் வார்டிசிட்டி, அதாவது ஓட்டத்தின் சுழற்சியை அளக்கும் வெக்டர். அணிக்கோவை போட்டால் விடை வந்துவிடுகிறது. வந்த விடைதான் புரியவில்லை.

வாளியோடு சேர்ந்து சுழலும் தண்ணீருக்கு வேகம் (−4 ஒய், 4 எக்ஸ், 0). நொடிக்கு 4 ரேடியன் சுழல்கிறது, விடையோ 8. அடுத்தது (3 ஒய், 0, 0). எல்லாத் துளியும் நேர்கோட்டில் போகிறது, ஆனாலும் −3. கடைசியாக வாஷ்பேசின் ஓட்டையைச் சுற்றும் தண்ணீர், வேகம் ஆரத்துக்கு எதிர்விகிதம். விடை பூச்சியம்! கண்ணெதிரே சுற்றுகிற தண்ணீர் சுற்றவில்லை என்கிறது கணக்கு. வகுப்பில் கேட்டேன், "ஃபார்முலா அப்படித்தான், எழுதிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்கள்.

கோவை_பம்ப்:
தம்பி, மூன்று விடையும் சரி. துளி எந்தப் பாதையில் போகிறது என்பதை வார்டிசிட்டி கண்டுகொள்ளாது. போகிற போக்கில் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறதா என்றுதான் பார்க்கும்.

விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சி உருவி, விரல்கடை நீளத்துக்கு ஒடித்துக்கொள். கூட்டல் குறி மாதிரி தண்ணீரில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் கட்டவில்லை, தனித்தனியாகத் திரும்பலாம். இப்போது உன் அணிக்கோவையின் இசட் கூறைப் பார். ஒய் வேகத்தை எக்ஸால் பகுதி வகையிட்டது, எக்ஸ் திசையில் கிடக்கும் குச்சி திரும்பும் வேகம். எக்ஸ் வேகத்தை ஒய்யால் வகையிட்டு மைனஸ் போட்டது, மற்றக் குச்சி திரும்பும் வேகம். வார்டிசிட்டி இந்த இரண்டின் கூட்டல், அவ்வளவுதான். குச்சிகளைக் கட்டிவிட்டால் மிதவை சராசரி வேகத்தில், அதாவது அதில் பாதியில் திரும்பும்.

வாளியில் இரண்டு குச்சியும் 4 ரேடியன் வேகத்தில் திரும்புகின்றன. அதனால் 8. நேர் ஓட்டத்தில், ஓட்டத்தோடு படுத்த குச்சி திரும்பாது. குறுக்கே கிடப்பதன் மேல் முனை முந்தும், கீழ் முனை பின்தங்கும். அது மட்டும் கடிகாரச் சுற்றில் 3. குறியோடு −3.

வாஷ்பேசின்தான் ருசியான இடம். மையத்திலிருந்து 10 செ.மீ.யில் வேகம் நொடிக்கு 6 செ.மீ. என்றால், 5 செ.மீ.யில் 12. பத்தாவது செ.மீ.யில் குச்சிகளைப் போடு. பாதையோடு கிடக்கும் குச்சி வளைவோடு வளைந்து 6/10, அதாவது 0.6 ரேடியன் வேகத்தில் முன்னால் திரும்பும். மையத்தைப் பார்த்துக் கிடக்கும் குச்சியின் உள்முனை முந்திக்கொள்ளும், வெளிமுனை பின்தங்கும். எதிர்ப்பக்கமாக அதே 0.6. கூட்டினால் பூச்சியம். பொருட்காட்சி ஜெயன்ட் வீலில் தொட்டி வட்டமடிக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகிறாரா என்ன?

கணக்கு_டீச்சர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. டெல் ஒரு நிஜ வெக்டர் இல்லை, வகையிடும் கருவி. அதனால் இடம் மாற்றிப் பெருக்கி மைனஸ் போட்டுக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. இன்னொரு பொறி: குறுக்குப் பெருக்கல் என்பதால் விடை வேகத்துக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அதே வாளித் தண்ணீருக்கு மேல்நோக்கி 2 என்று ஒரு வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள்: (−4 ஒய், 4 எக்ஸ், 2). வார்டிசிட்டி அப்போதும் (0, 0, 8). இரண்டையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் 16. செங்குத்தாக இருந்தால் பூச்சியம் அல்லவா வந்திருக்க வேண்டும்?

மூன்றாம்வருட_மெக்:
அண்ணா, செய்தே பார்த்துவிட்டேன். பழைய பிளாஸ்டிக் டப்பின் அடியில் ஓட்டை போட்டு (அம்மாவிடம் திட்டு தனி), தெர்மாகோல் துண்டில் குச்சிகளைக் குறுக்காகச் செருகி, ஒரு முனைக்கு நெயில் பாலிஷ் வைத்தேன். ஓரமாகச் சுற்றும்போது சிவப்பு முனை ஏறக்குறைய ஜன்னலைப் பார்த்தபடியே வந்தது! ஆனால் ஓட்டைக்கு மேலே இழுபட்டதும் பம்பரமாகச் சுற்றியது. அங்கே மட்டும் ஏன்? மேடம், 16 எனக்கும் வந்தது, நன்றி.

கோவை_பம்ப்:
டப்புக்கு என் அனுதாபம். நடு மையத்தில் அந்த ஃபார்முலா நிற்காது. ஆரம் பூச்சியமானால் வேகம் முடிவிலியாகிவிடும். நிஜத் தண்ணீரில் பாகுத்தன்மை அதை விடாது, நடுக்கரு வாளித் தண்ணீர் போலச் சேர்ந்தே சுழலும். கருவுக்குள் வாளி, வெளியே வாஷ்பேசின் என்று இரண்டையும் ஒட்டவைத்த மாதிரிக்கு ராங்கின் சுழல் என்று பெயர். சம்ப்பில் உறிஞ்சு குழாய் மேலே சுழி விழுந்து காற்றை இழுக்கும்போது நாங்கள் பயப்படுவதும் இந்தக் கருவைத்தான்.

வெளியே பூச்சியம் என்பதால் கரு மறைந்துவிடாது. 10 செ.மீ. வட்டத்தின் சுற்றளவை அங்குள்ள வேகத்தால் பெருக்கு: 62.8 × 6, சுமார் 377. 5 செ.மீ. வட்டத்தில் 31.4 × 12, அதுவும் 377. வட்டத்தின் ஓரத்தில் வரும் இந்தப் பெருக்கல், உள்ளே இருக்கும் வார்டிசிட்டியின் மொத்தத்துக்குச் சமம் என்கிறது ஸ்டோக்ஸ் தேற்றம். அதன்படி அந்த 377 முழுக்கக் கருவுக்குள் இருக்கும் வார்டிசிட்டியின் மொத்தம்.

மூன்றாம்வருட_மெக்:
அப்போ 3 செ.மீ. வட்டத்துக்கும் அதே 377 தானா?

கோவை_பம்ப்:
வட்டம் கருவுக்கு வெளியே இருக்கும்வரை, ஆமாம். உள்ளே போனால் குறையும். எங்கே குறைய ஆரம்பிக்கிறதோ, அங்கேதான் கருவின் விளிம்பு.