தங்கச்சி கல்யாணம்: கோயிலில் என்னென்ன பாட்டு? தாலி கட்டும்போது கெட்டிமேளம் அடிக்கலாமா?

பெரியக்கா:
தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம், தூத்துக்குடியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில். மாப்பிள்ளை இந்து. ஆயர் (பிஷப்) இல்லத்தில் அனுமதி வாங்கியாச்சு. பாட்டுப் பொறுப்பு என் தலையில். வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கை, தூயவர், திருவிருந்து, நன்றி, மாதா பாட்டு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கச்சிக்கு, நடந்து வரும்போது யூடியூபில் கேட்கிற அந்த 'டான் டன் டடான்' வெள்ளைக்காரக் கல்யாண மியூசிக்தான் வேண்டுமாம். மாப்பிள்ளையின் அப்பாவோ, "கெட்டிமேளம் இல்லாமல் தாலியாம்மா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

கீபோர்டு சித்தப்பா:
இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் கல்யாணங்களுக்கு வாசிக்கிறேன்மா. முதலில் நோட்டை எடுங்கள். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெறாதவர் என்றால் திருப்பலி (பூசை) இருக்காது. வாசகம், மணச் சடங்கு, மன்றாட்டு, ஆசியோடு முடிந்துவிடும். காணிக்கை, தூயவர், திருவிருந்து மூன்றும் திருப்பலியில் வருபவை, அவற்றை அடித்துவிடுங்கள்.

வாசகத்துக்குப் பிறகு எல்லாரும் பல்லவி சொல்லும் பதிலுரைக்கு, பைபிளின் 128ஆம் திருப்பாடல். மனைவி திராட்சைக் கொடி, பிள்ளைகள் ஒலிவக் கன்றுகள் என்று வரும். கோயிலே பார்க்காத சம்பந்தி வீட்டாருக்கும் புரியும். பல்லவி ஒரே வரியாக இருந்தால் இரண்டாம் முறை அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

தங்கச்சி கேட்பது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் லோஹென்கிரின் என்ற ஓபெராவில் (பாட்டு நாடகத்தில்) வருவது, 1850இல் அரங்கேறியது. அதில் கல்யாணம் முடிந்து மணமக்களைப் பள்ளியறைக்கு அனுப்பும்போதுதான் அதைப் பாடுவார்கள். கோயிலுக்குள் நுழையும்போதே பள்ளியறைப் பாட்டா? தமிழ் வருகைப் பாடலே போதும். வாசலிலிருந்து பீடம்வரை அவளைப் பட்டுச்சேலையோடு ஒரு தடவை நடக்கவிட்டு நேரம் பாருங்கள். எங்கள் கோயிலில் இரண்டரை நிமிஷம். பாட்டு ஆறு நிமிஷம் என்றால் மீதியை நின்றபடி கேட்க வேண்டியதுதான்.

மேளத்துக்குப் பங்குச்சாமியிடம் கேளுங்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் தவிலையும் நாதஸ்வரத்தையும் வாசலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். சாமி தாலியை மந்திரித்துக் கொடுத்ததும் கோயில்பிள்ளை மணிக்கயிற்றைப் பிடித்தார், கதவோரம் நின்ற பையன் துண்டை வீசினான், கொட்டியது பாருங்கள் மேளம்! நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கி மூன்றாவது முடிச்சு விழவே மாட்டேன் என்றது. துண்டு ஆடுகிறவரைக்கும் தவில்காரர் நிறுத்தவில்லை, பாவம், வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

ஜெபமாலை வீடு:
கையெழுத்துப் போடும் நேரத்தை மறந்துவிடாதீர்கள். என் கல்யாணத்தில் அதற்குப் பாட்டே வைக்கவில்லை. பதிவேட்டில் மணமக்கள், சாட்சிகள் எல்லாரும் எழுதி முடிக்கப் பத்து நிமிஷம். கோயில் முழுக்கப் பந்தி எப்போது என்கிற பேச்சுதான்.

பெரியக்கா:
சாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன். மேளம் வாசலுக்கு வெளியே என்றால் சரி என்றார். துண்டு வீச எங்கள் மாமா பையன் இருக்கிறான். மாதா பாட்டைக் கையெழுத்துக்கு மாற்றியாச்சு. பள்ளியறைக் கதையைச் சொன்னதும் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மண்டபத்தில் கேக் வெட்டும்போது அதையே போடச் சொல்கிறாள்.