பெரியப்பாவோட ரிக்கார்டு பெட்டியில ஒரு பீட்டில்ஸ் 78: இது நெசந்தானா?

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் தங்கச்சிமடம். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கு. ஜூன் 14 வரைக்கும் 61 நாளும் ஆம்பளைங்க கரையிலதான். அதனால ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க தெருவுல ஐஸ் கம்பெனிச் சுவத்துல பழைய படம் போடுறோம். போன வாரம் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவுக்கு அந்தப் பயங்கரக் கதை சொல்ற இடம் வந்ததும், வலை பொத்திக்கிட்டே படம் பார்த்த ஆளுக எல்லாம் ஊசியைக் கையில பிடிச்சபடி அப்படியே உட்கார்ந்துட்டாங்க. 1964-ல வந்த படம். பார்த்த பிள்ளைகளோட அப்பாமாரே அப்பப் பொறக்கல.

விஷயத்துக்கு வர்றேன். எங்க பெரியப்பா மைக்செட் வச்சிருந்தாக. கல்யாணம், சடங்கு, சந்தியாகப்பர் கோவில் திருவிழா, எங்க கொழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் அவுக சைக்கிள்தான் முதல்ல போய் நிக்கும். அவுக இறந்து நாலு வருஷமாச்சு. போன வாரம் பெரியம்மா பரண்லருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாக. உள்ள முப்பது, நாப்பது ரிக்கார்டு இருக்கு. ஒவ்வொரு உறை மேலயும் பென்சில்ல பெரியப்பா கையெழுத்து. 'தாலி கட்டின பிறகு', 'பந்தி', 'பொண்ணு அழைப்பு', 'மழை வந்தா' இப்படி. எந்தப் பாட்டை எப்பப் போடணும்னு அவுக வச்சிருந்த கணக்கு அது. நான் ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுக்கிட்டே தரையில உட்கார்ந்துட்டேன்.

அதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி. பழுப்புத்தாள் உறை, 'மூர் மார்க்கெட், 2 ரூ.'ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ 'ராத்திரி 2 மணிக்கு மேல்'. தட்டு நல்ல கனம், பத்து அங்குலம். லேபிளைப் பூச்சி அரிச்சதுல பாட்டுப் பேரு போயிருச்சு. ரிக்கார்டு கம்பெனிப் பேரு 'பார்லோபோன்', இங்கிலாந்துப் பாட்டுக் குழு 'தி பீட்டில்ஸ்', அப்புறம் '78', அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய காலத்துத் தட்டு, இது மூணும் தெளிவாத் தெரியுது. விளிம்புல மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

இராமநாதபுரத்துல ஒரு நண்பர்கிட்ட காட்டினேன். பீட்டில்ஸ் காலத்துல 78 ஏது, இது யாரோ ஒட்டின லேபிள்னு சொல்லிட்டார். எனக்கு மனசு கேக்கல. பதினாறு வயசுலருந்து பீட்டில்ஸ், டீப் பர்ப்பிள், லெட் செப்பலின்னு கேசட் தேடி அலைஞ்சவன் நான். எங்க வீட்டுப் பரண்லயே இப்படி ஒண்ணு கிடந்துச்சுன்னா அது நெசமான்னு எனக்குத் தெரியணும்.

பெரியப்பாவோட பிளேயர் உப்புக்காத்துல துருப்பிடிச்சுப் போச்சு. என்கிட்ட இருக்குறது 33, 45 ரெண்டு வேகம் மட்டும் உள்ள பிளேயர். தட்டுல பூசணம் வேற படிஞ்சிருக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

---

கீழக்கரை வானொலிப் பிரியன்:

தம்பி, முதல்ல அந்த ஸ்பிரிட் பாட்டிலைத் தூர வைங்க!

தட்டு அசல்தான்னு நான் நம்புறேன். 1960 வாக்குலயே இங்கிலாந்துல 78 போடுறதை நிறுத்திட்டாங்க, உங்க நண்பர் சொன்னது அந்த ஊருக்குச் சரி. நம்ம நாட்டுல நிறுத்தல. கல்கத்தா டம்டம்ல இருந்த கிராமபோன் கம்பெனி பீட்டில்ஸ் பாட்டுகளையே 78-ஆ அடிச்சு வித்துச்சு. கரண்டு இல்லாத வீட்டுல சாவி கொடுக்குற பெட்டிதானே இருந்துச்சு, அதுல 78 மட்டும்தான் ஓடும். இன்னைக்கு உலகம் பூராவும் சேகரிக்கிறவங்க இந்த இந்தியத் தட்டைத் தேடிக்கிட்டு இருக்காங்க.

78 பெரும்பாலும் அரக்குல செஞ்ச தட்டு. சாராயச் சத்து எது பட்டாலும் அரக்கு கரைஞ்சிரும். ஒரு தடவை துடைச்சாப் போதும், பாட்டு போயிரும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அதுல பாத்திரம் கழுவுற சோப்பு ஒரே ஒரு சொட்டு விடுங்க. மெல்லிசான பிரஷ்ஷால பள்ளத்தோட போக்குலயே, வட்டமாத் தடவுங்க. லேபிள்ல தண்ணி படக்கூடாது. பருத்தித் துணியால ஒத்தி எடுத்து நிழல்ல நிறுத்தி வைங்க.

நிழல்லன்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒரு ஐப்பசி மழையில எங்க வீடு ஒழுகி வாப்பாவோட எல்பி, அதான் 33-ல ஓடுற பிளாஸ்டிக் தட்டு, எல்லாம் நனைஞ்சுச்சு. காயட்டும்னு மொட்டை மாடியில வெயில்ல பரப்பிட்டாங்க. அசர் தொழுகை நேரத்துக்குப் போய்ப் பார்த்தா அத்தனையும் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடக்கு. வாப்பா ஒரு வார்த்தை பேசல, ஒவ்வொண்ணா எடுத்து உறையில போட்டு வச்சாங்க. அதெல்லாம் இன்னும் என்கிட்டதான் இருக்கு, ஒண்ணுகூட ஓடாது.

அடுக்கி வைக்காதீங்க. செங்குத்தா நிறுத்தி வைங்க, பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பொட்டலம் ரெண்டு போடுங்க.

---

சாயல்குடி வயர்மேன்:

பிளேயரோட ஊசித் தலைக்கு அடியில சின்ன நெம்பு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. பழைய மாடல்ல அதைத் திருப்பினா 78-க்கான ஊசி வரும். எல்பி ஊசியை விட அது மூணு மடங்குக்கு மேல தடிமன். இல்லைன்னா இருக்குற ஊசியிலேயே ஒரு தடவை மட்டும், பதிவு பண்றதுக்காக ஓட்டுங்க. மெல்லிசு ஊசி பள்ளத்தோட அடி வரைக்கும் இறங்கும், இரைச்சல் கூடும், அவ்வளவுதான். 45-ல ஓட்டி லேப்டாப்புல ஆடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர்ல ஏத்திக்கிட்டு, வேகத்தை 73.3 சதவீதம் கூட்டுங்க. 78 வந்துரும். பழைய இரும்பு ஊசி இருந்தாத் தொடவே தொடாதீங்க, அது ஒரு பக்கம் ஓடினா மாத்த வேண்டிய ஊசி.

---

மண்டபத்துப் பொண்ணு:

அண்ணே, 'ராத்திரி 2 மணிக்கு மேல்'னு படிச்சதும் எனக்கு என்னமோ பண்ணிருச்சு. ஊரே தூங்கின பிறகு கொழாயைச் சின்னதா வச்சு அவுக தனக்காகப் போட்டுக் கேட்ட ரிக்கார்டுண்ணே அது. வேற என்னவா இருக்க முடியும்?

நம்ம கரையில இந்தச் சத்தம் ஒண்ணும் புதுசில்லை. எங்க அம்மா காலையில இலங்கை வானொலியில 'பொங்கும் பூம்புனல்' வச்சுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பாக. மெட்ராஸ் ஸ்டேஷன் கரகரன்னு இழுக்கும், கொழும்பு பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேக்கும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேச ஆரம்பிச்சா அம்மா கரண்டியை அப்படியே வச்சிருவாக. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினா அதே கொழும்புல இங்கிலீஷ் பாட்டு. எங்க அண்ணன் அங்கிட்டு நகர்த்தும், அம்மா இங்கிட்டு நகர்த்துவாக. ரெண்டையும் கேட்டு வளர்ந்தவ நான்.

அதனால ஒண்ணு சொல்றேன். நம்ம படப்பாட்டு வெள்ளைக்காரன் பாட்டைப் பார்த்துப் போட்டதுன்னு சிலபேர் லேசாச் சொல்லிட்டுப் போறாங்க. 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டை ஒருக்கா உட்கார்ந்து கேளுங்க. தாளம் ராக் அண்ட் ரோல்தான். ஆனா பாலையா வீட்டு வாசல்ல கூடாரம் அடிச்சு வேலை கேக்குற கூட்டத்தோட கோஷம் அது, நம்ம ஊர்க் கோஷம். விஸ்வநாதன் - ராமமூர்த்தி அந்தத் தாளத்தை வாங்கி நம்ம வாசல்ல உட்கார வச்சுட்டாங்க. அதைப் போய்க் காப்பின்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்.

அடுத்த ஞாயிறு பீட்டில்ஸ்காரங்களே நடிச்ச 'எ ஹார்ட் டேஸ் நைட்' போடுங்க. அதுவும் 1964, கறுப்பு வெள்ளை. சப்டைட்டில் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் புரியும். ஆரம்பத்துலயே ரசிகர் கூட்டம் தொரத்த ஓடிப்போய் ரயிலைப் பிடிப்பாங்க. பாம்பன் பிள்ளைகளுக்கு ரயில் ஒண்ணு போதாதா? அதுக்கு அடுத்த வாரம் 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் 1954-லயே ஒரு பாட்டுகூட இல்லாம எடுத்த படம்ண்ணே. பாட்டுக்காரர் ஒருத்தர் பாட்டே வேண்டாம்னு முடிவு பண்ணின துணிச்சலைப் பெரியவங்களும் பார்க்கட்டும்.

---

தங்கச்சிமடத்தான்:

கீழக்கரை அண்ணன், வயர்மேன், தங்கச்சி, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி செஞ்சு பார்த்துட்டேன்.

சோப்புத் தண்ணியில பூசணம் பூரா வந்துருச்சு, தட்டு கறுகறுன்னு மின்னுது. நெம்பு இல்லை, அதனால 45-லதான் ஓட்டினேன். முதல்ல கொஞ்ச நேரம் இரைச்சல், விரிசல் சுத்தி வர்றப்பல்லாம் ஒரு 'டொக்'. அப்புறம் முன்னால ஒரு வாசிப்பும் இல்லாம எடுத்த எடுப்புல குரல். தொண்டை கட்டின கிழவர் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுது, எனக்கு என்ன பாட்டுன்னே பிடிபடல. லேப்டாப்புல 73.3 போட்டுத் திரும்ப ஓட்டினேன். 'கேன்ட் பை மீ லவ்'! கிழவர் போய் இருபது வயசுப் பசங்க வந்து நின்னாங்க. தங்கச்சி சொன்ன படத்துல நாலு பேரும் இரும்புப் படியில தடதடன்னு இறங்கி, வெளியில ஓடித் துள்ளுற இடத்துல வர்றது இதே பாட்டுதான்.

இன்னொண்ணும் நடந்துச்சு. அடுத்த ரூம்ல படுத்திருந்த பெரியம்மா எந்திரிச்சு வந்து வாசக்கால்ல சாஞ்சுக்கிட்டாக. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது அவுகளுக்கு. பாட்டு முடியிற வரைக்கும் நின்னாக. "இது போட்டா உங்க பெரியப்பா செட்டைக் கழட்டப் போறாருன்னு அர்த்தம். நான் எந்திரிச்சு உலை வைப்பேன்"ன்னாக. அந்தக் காலத்துல ரெண்டு தெரு தள்ளிக் கல்யாண வீட்டுல ஓடினது இவுக படுக்கைக்குக் கேட்டுருக்கு.

வர்ற ஞாயிறு படத்துக்கு முன்னால அதே பழைய கொழாய்லதான் இதைப் போடப்போறேன், பதிவு பண்ணினதை. தட்டைத் திரும்ப உறையில வச்சாச்சு. வயர்மேன் அண்ணே, பெட்டியில இன்னும் பதினோரு 78 இருக்கு. அதுக்கு ஏத்த ஊசி மதுரையில கிடைக்குமா, இல்ல மெட்ராஸ்தான் போகணுமா?