மாமாவும் ஆஸ்திரேலியப் பட்டாளமும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

காலை 6:41

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது எல்லா செயற்கைக்கோளும் 3 விநாடி நின்றுவிட்டுத்தான் போகிறதாம். நாசாவே திகைத்துவிட்டது. பத்துப் பேருக்காவது பகிரவும் 🙏

காலை 7:20

நித்யா: பெரியப்பா, இது போன பொங்கலுக்கும் வந்தது, அதற்கு முந்தின பொங்கலுக்கும் வந்தது. தாழப் பறக்கிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போகிறது. அந்த வேகம் இருப்பதால்தான் விழாமல் சுற்றுகிறது. 3 விநாடி நில் என்றால் கீழே இறங்க ஆரம்பித்துவிடும்.

பெரியப்பா: ஃபார்வர்டு செய்ததுதான் நான். எழுதியது நான் இல்லை.

அத்தை: சனீஸ்வரனைக் கும்பிட நாசா எதற்கண்ணா? எள் விளக்குப் போட்டால் போதாதா?

பெரியப்பா: சரி. நான் அனுப்புவதெல்லாம் புருடா. நம்பவே முடியாத நிஜம் ஒன்று நித்யா சொல்லட்டும், பார்ப்போம்.

நித்யா: ஆஸ்திரேலியாவில் வோம்பாட் என்று ஒரு விலங்கு. குட்டையாக, கொழுகொழுவென்று கரடிக்குட்டி மாதிரி இருக்கும். அது போடுகிற புழுக்கை கனசதுரமாக இருக்கும்.

சித்தி: இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன் நித்யா.

பெரியப்பா: புருடா.

பெர்த் அண்ணன்: நிஜம்தான் பெரியப்பா. பகடைக் காய் மாதிரி இருக்கும்.

நித்யா: அதன் குடல் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் நெகிழ்வாகவும் இருக்கிறது. அதனால் கடைசிப் பகுதிக்கு வரும்போது மூலை பிடித்துவிடுகிறது. இதை ஆராய்ந்தவர்களுக்கு 2019இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிக்கான பரிசு அது.

சித்தப்பா: நம் கொத்தனார் சதுரமாகக் கட்டச் சொன்ன தொட்டியை வட்டமாகக் கட்டினார். அவருக்கு ஏதாவது பரிசு உண்டா?

பெர்த் அண்ணன்: ஆஸ்திரேலியா பக்கம் வந்துவிட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். 1932இல் இந்த நாட்டுப் பட்டாளம் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒரு பறவையோடு சண்டைக்குப் போய், முடியாமல் திரும்பி வந்தது. உண்மையா, புருடாவா?

பெரியப்பா: இது சத்தியமாகப் புருடா.

அம்மா: என்ன பறவை தம்பி? காக்காயா?

பெர்த் அண்ணன்: ஈமு, சித்தி.

கோபி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: ஐயோ, காலங்காத்தால அந்தப் பேரை ஏன் எடுத்தாய்!

நித்யா: ஏன் அத்தை?

அம்மா: உனக்கு அப்போது ஏழெட்டு வயசு. அப்புறம் சொல்கிறேன். நீ மேலே சொல் தம்பி.

பெர்த் அண்ணன்: முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இங்கே மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். கோதுமை போட்டார்கள். உலகம் முழுக்க மந்தம் வந்து கோதுமை விலை படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கேம்பியன் என்ற ஊர்ப் பக்கம் சுமார் 20,000 ஈமு வந்து இறங்கின. தின்றது பாதி, மிதித்தது பாதி. முயல் வராமல் இருக்கப் போட்ட வேலியையும் பிய்த்துவிட்டன. அந்தச் சந்தில் முயலும் உள்ளே வந்துவிட்டது.

சித்தப்பா: விவசாயி என்றால் எல்லா ஊரிலும் ஒரே தலையெழுத்துதான்.

பெர்த் அண்ணன்: இவர்கள் பழைய சிப்பாய்கள் இல்லையா, இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்கள். அதனால் நேராகப் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸிடமே போய்க் கேட்டார்கள். அவரும் சரி என்றார். ஆனால் சாப்பாடு, தங்குமிடம், தோட்டாச் செலவு மூன்றும் விவசாயி தலையில்.

கோபி மாமா: தோட்டாச் செலவுமா?

அத்தை: வந்துவிட்டார்.

பெர்த் அண்ணன்: ஆமாம் மாமா. மெரிடித் என்று ஒரு மேஜர், கூட இரண்டு சிப்பாய், இரண்டு லூயிஸ் துப்பாக்கி, 10,000 தோட்டா. படம் பிடிக்க ஒரு ஒளிப்பதிவாளர் வேறு. திரும்பும்போது 100 ஈமுத் தோல் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. குதிரைப் படைக்காரர்கள் தொப்பியில் இறகு செருகிக்கொள்வதற்கு.

சித்தி: போவதற்கு முன்பே தொப்பிக்கு அளவு எடுத்துவிட்டார்கள்.

பெர்த் அண்ணன்: நவம்பர் 2 அன்று ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் கழித்து ஓர் அணைக்கட்டுப் பக்கம் பதுங்கியிருந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் ஈமு வந்தது. நன்றாகக் கிட்டே வரட்டும் என்று காத்திருந்து சுட்டார்கள். பன்னிரண்டு விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மீதி அத்தனையும் ஓடிவிட்டன.

கோபி மாமா: ஒன்றாக ஓடியிருக்காது. ஆளுக்கொரு திசையில் சிதறியிருக்கும்.

பெர்த் அண்ணன்: அதேதான் மாமா! அப்புறம் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்துகொண்டன. கூட்டத்துக்கு ஒன்று ஆறடி உயரத்தில் நின்று காவல் பார்க்குமாம், மற்றவை மேயுமாம். இவர்கள் துப்பாக்கியை லாரியில் கட்டித் துரத்திப் பார்த்தார்கள். லாரியால் பிடிக்க முடியவில்லை. குலுக்கலில் சுடவும் முடியவில்லை.

கோபி மாமா: மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும். காட்டுக்குள் எந்த வண்டியும் பிடிக்காது. நான் மொபெட்டில் துரத்தியிருக்கிறேன்.

நித்யா: மாமா???

கோபி மாமா: 2011. பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனி. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதா மாதம் பணம். குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உடம்பெல்லாம் கோடு கோடாக, அணிலுக்குக் கால் முளைத்த மாதிரி. நம் பக்கம் யார்தான் போடவில்லை?

சித்தப்பா: நான் போடவில்லை.

கோபி மாமா: உன்னிடம் அப்போது பணம் இல்லை.

சித்தப்பா: அதுவும் சரிதான்.

கோபி மாமா: நாலு மாதம் பணம் வந்தது. அடுத்த வருஷம் கம்பெனியே இல்லை. தீவன வண்டியும் வரவில்லை. பசியில் அவை பளபளவென்று எதைப் பார்த்தாலும் கொத்தி விழுங்கும். உங்கள் அத்தையின் சேலையில் குத்தியிருந்த ஊக்கு ஒன்று போனது.

அத்தை: ஊக்கோடு போனதே என்று நான் தோளைத் தடவிக்கொண்டு நின்றேன். இவர் "பறவைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று டாக்டருக்குப் போன் போடுகிறார். மாட்டு டாக்டருக்கு.

கோபி மாமா: ஒரு நாள் படலைச் சரியாகச் சாத்தவில்லை. ஒன்று வெளியே போய் மஞ்சக்காட்டுக்குள் இறங்கிவிட்டது. நான் மொபெட்டில், பின்னால் சின்னவன் கோணிப்பையோடு. வரப்பில் வண்டி குதிக்கிற குதியில் அவன் பையைப் பிடிப்பானா, என்னைப் பிடிப்பானா? கடைசியில் வாய்க்காலில் நாங்கள் இருவரும் விழுந்தோம். அது கரையில் நின்று எங்களைப் பார்த்தது. தொண்டைக்குள் மத்தளம் தட்டுகிற மாதிரி தும், தும் என்று ஒரு சத்தம். அப்போதுதான் அது பெட்டை என்றே தெரிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சேவலாக இருந்தால் உறுமும்.

சித்தி: சிரித்துச் சிரித்துச் சாம்பார் கொட்டிவிட்டது.

நித்யா: அப்போ அடைகாப்பது?

கோபி மாமா: சேவல். எட்டு வாரம் ஏறக்குறைய பட்டினியாகவே உட்கார்ந்திருக்கும். பெட்டை முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும்.

அத்தை: புத்தியுள்ள பறவை.

பெரியப்பா: பட்டாளம் என்ன ஆயிற்று? அதைச் சொல்.

பெர்த் அண்ணன்: நவம்பர் 8 அன்று திருப்பி அழைத்துக்கொண்டார்கள். விவசாயிகள் மறுபடியும் கெஞ்சினார்கள். 13ஆம் தேதி இன்னொரு சுற்று. டிசம்பர் 10 அன்று மொத்தமாக முடித்துக்கொண்டார்கள். மேஜர் கொடுத்த கணக்குப்படி 9,860 தோட்டா, 986 ஈமு.

பெரியப்பா: ஒன்றுக்குப் பத்து. மிச்சம் இல்லாமல்.

பெர்த் அண்ணன்: ஆமாம்.

பெரியப்பா: முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை செய்தவன் நான். கணக்கு இவ்வளவு அழகாக வகுபட்டால் முதலில் ரசீதைக் கேட்பேன்.

நித்யா: பெரியப்பா! திருநள்ளாறு செய்திக்கு ரசீது கேட்டீர்களா?

பெரியப்பா: அது ஆன்மிகம். வேறு துறை.

பெர்த் அண்ணன்: அதற்கப்புறமும் 1934, 1943, 1948 என்று விவசாயிகள் பட்டாளத்தைக் கேட்டார்கள். அரசு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டது. இதில் வேடிக்கை, நாட்டின் அரசுச் சின்னத்திலேயே ஈமுதான் நிற்கிறது. என் சட்டைப்பையில் ஒரு ஐம்பது சென்ட் காசு இருக்கிறது. கங்காரு ஒரு பக்கம், ஈமு ஒரு பக்கம்.

கோபி மாமா: ஒரு பறவைக்குப் பத்துத் தோட்டாதான் அவர்களுக்குச் செலவு. எனக்கு ஒன்று இருபத்தைந்தாயிரம்.

அம்மா: கடைசியில் அந்த ஆறும் எங்கே போயின அண்ணா?

கோபி மாமா: கால்நடைத் துறையில் இருந்து வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போதும் அந்தப் பெட்டை என்னைத் திரும்பிப் பார்த்தது.

அத்தை: பார்த்தது இவரை இல்லை, இவர் கைக்கடிகாரத்தை.

கோபி மாமா: (படம்)

நித்யா: இது என்ன மாமா, கரும்பச்சையாக? வெண்ணெய்ப் பழமா?

கோபி மாமா: ஈமு முட்டை ஓடு. கம்பெனியில் சேர்ந்த அன்று இலவசமாகக் கொடுத்தார்கள். ஷோகேஸில் இருக்கிறது.

அத்தை: ஒன்றரை லட்ச ரூபாய் முட்டை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நான்தான் துடைத்து வைக்கிறேன்.

காலை 9:02

பெரியப்பா: கோபி, உன் படத்தையும் தம்பி சொன்னதையும் சேர்த்து என் நடைப்பயிற்சிக் குழுவில் போடுகிறேன். நம்பமாட்டார்கள்.

நித்யா: "நாசாவே திகைத்தது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: சேர்த்துவிட்டேன்.