மறு: ‘டம்மி லோடு’: ‘போலிச் சுமை’ வேண்டாம்

> டம்மி என்றால் போலி. ஆகவே ‘போலிச் சுமை’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஐயா, வணக்கம்.

விவாதிக்க நிறையவே இருக்கிறது. வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் மின்தடைதான் டம்மி லோடு. அதை நம் கலைச்சொல் பட்டியலில் ‘போலி’ என்று எழுதினால், தொழில் பழகும் பையன் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவான். 8 ஓம் தடையில் 50 வாட் செலுத்தினால் முனைகளுக்கிடையே 20 வோல்ட், உள்ளே 2.5 ஆம்பியர். சற்று நேரத்தில் கை வைக்க முடியாது. அதனால்தான் 100 வாட் தாங்கும் கம்பிச்சுருள் தடையை அலுமினியத் தகட்டில் இறுக்கி வைத்திருக்கிறேன். இப்படிக் கொதிக்கிற பொருளா போலி?

டிரான்சிஸ்டர் செட்டில் பழகியவர்களுக்கு ஸ்பீக்கர் கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது என்பதே பயம். கம்பி கழன்று கிடந்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. வால்வு செட்டுக்குக் கம்பி கழல்வதுதான் எமன். வெளியீட்டு மின்மாற்றியில் ஸ்பீக்கர் பக்கமுள்ள இரண்டாம் கம்பிச்சுற்றில் சுமை இல்லாமல் ஒலியைக் கூட்டினால், வால்வு பக்கமுள்ள முதல் சுற்றில் மின்னழுத்தம் எகிறி, கம்பியின் மின்காப்பைத் துளைத்துவிடும்.

பாம்பனில் கம்பி கழலக்கூட வேண்டியதில்லை, உப்புக் காற்றே போதும். பட்டறைக்கு வந்த பழைய மைக் செட் ஒன்றில் ஸ்பீக்கர் கம்பி திருகில் இறுக்கமாகத்தான் இருந்தது. அதை நம்பி ஒலியைக் கூட்டினேன். ஸ்பீக்கர் ஊமையாக இருக்க, மின்மாற்றிக்குள்ளிருந்து பாட்டு கொசு பாடுவதுபோல் கேட்டது. மறுகணம் வால்வு சாக்கெட்டின் இரண்டு முள்களுக்கு நடுவே நீலப் பொறி. அணைப்பதற்குள் வார்னிஷ் கருகிய வாடை. பிறகு திருகைக் கழற்றினால், செம்பு இழைகளெல்லாம் பச்சைக் களிம்பு, விரலில் மாவாக உதிர்ந்தது. மின்மாற்றியை முழுதும் பிரித்துச் சுற்ற வேண்டியதாயிற்று. சுமை என்ற சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

என் பரிந்துரை ‘ஈடுசுமை’. ஸ்பீக்கரின் இடத்தை ஈடுகட்டுவது. ஓம் அளவில் ஈடாக இருக்க வேண்டியது. 8 ஓம் முனையில் 8 ஓம், 16 ஓம் முனையில் 16. மாணவன் கேட்க வேண்டிய கேள்வி, ‘எதற்கு ஈடு?’ என்பது, சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. பட்டியலில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டுக்கும் ‘ஒலிபெருக்கி’ என்றே வருகிறது. இணைப்பு முறையை விளக்கும் பாடத்தில் இந்தக் குழப்பம் ஆகாது. ஆம்ப்ளிஃபயரை ‘மிகைப்பி’ என்று பிரித்துவிடலாம்.

---

> தம்பி, ‘ஈடு’ என்றால் எங்கள் ராமநாதபுரத்தில் அடகு நினைவுதான் வரும். ‘மாற்றுச் சுமை’ போதாதா?

அக்கா, மாற்று என்றால் எதையும் மாற்றலாம் என்றாகிவிடும்; 2 ஓம் தடையை மாட்டி வால்வைத் தவிக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடகும் பணத்துக்கு இணையான பொருளை வைப்பதுதானே? அந்த நினைவு வந்தால் நல்லதே.

உங்களுக்குச் சம்மதம் என்றால் செயல்முறைக் குறிப்பின் முதல் வரியை இப்படி மாற்றுகிறேன்: ‘முனைகளின் களிம்பைச் சுரண்டி, ஸ்பீக்கரையோ ஈடுசுமையையோ இணைத்த பிறகே மின்சாரம் கொடுக்கவும்.’ சுமை அறுந்த நிலைக்கு மட்டும் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘சுமையறு நிலை’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.